தங்கச்சி மாதிரி

மரக்காணம் உப்பளத்துக்கு லோடு ஏற்ற வருகிற எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் அற்புதமேரியைப் பற்றி ஒரே பேச்சுத்தான். அந்தம்மா வாயில் விழுந்தால் எழுந்திருக்க முடியாது. உப்புக் கிடங்கில் பதினேழு வருஷமாகச் சூப்பர்வைசர். வயது நாற்பத்திரண்டு. தார்ப்பாய் ஒழுங்காகக் கட்டாத வண்டி அவளைத் தாண்டி ரோட்டுக்குப் போனதில்லை. முதலாளி பத்து மணிக்கு வந்தால் அவரையே "விடிஞ்சிடுச்சா?" என்று விசாரிப்பாள். கோயில் ஒலிபெருக்கி காதைப் பிளக்கிறது என்று பங்குச் சாமியாரிடம் நேராகப் போய்ச் சண்டை போட்டு ஒரு குழாயைக் கழற்ற வைத்தவள்.

அப்பேர்ப்பட்ட வாய் ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பல்லிளித்துவிடும். பக்கத்தில் நிற்கிற ரேணுகாவைக் காட்டி "இவங்க யாரு?" என்று யாராவது கேட்டால் போதும். புருவத்தைத் தூக்கி, குரலை இறக்கி, கல்யாண வீட்டில் பந்தி விசாரிக்கிறவள் போலச் சிரித்துக்கொண்டு, "தங்கச்சி மாதிரிங்க" என்பாள். பதினோரு வருஷமாக அதே பதில். தங்கச்சி என்று முழுசாகச் சொன்னாலாவது ஒரு மரியாதை இருக்கும். அதில் ஒரு மாதிரி வேறு.

ரேணுகாவுக்குச் சொந்த ஊர் இரும்பை. ஆரோவில்லில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் அடுப்படியில் சமையல் வேலை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அங்கே கல்லுப்பு மூட்டை இறக்க வந்த அற்புதத்திடம் உப்பில் மண் இருக்கிறது என்று ரேணுகா சண்டை பிடித்தாள். மண் உப்பில் இல்லை, உன் கண்ணில் இருக்கிறது என்றாள் அற்புதம். அப்படி ஆரம்பித்தது. அடுத்த வருஷம் ரேணுகா ஒரு டிரங்குப் பெட்டியோடு மரக்காணத்துக்கு வந்து சேர்ந்தாள். பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருக்கிற பஷீர் அஹமது பாயின் வீட்டு மாடியில் குடித்தனம். ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு சண்டை. சண்டை மட்டும் தினமும் புதுசு.

ஊர் அதைத் தப்பாகவே நினைக்கவில்லை. அதுதான் ரேணுகாவுக்கு ஆத்திரம். இரண்டு பெண்கள் கை கோத்துக்கொண்டு பஜாரில் நடக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அக்கா தங்கச்சி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஊர் நிம்மதியாகக் குறட்டை விடும். அற்புதத்தின் அண்ணன் ஏசுராஜ் திண்டிவனத்திலிருந்து கிறிஸ்துமஸுக்கு இரண்டு புடவை எடுத்து வருவார். அவர் மகள் ஜெனிஷா ரேணுகாவைச் சின்னத்தை என்பாள். ஜெனிஷா வயசுக்கு வந்தபோது சீர்த்தட்டு தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தது ரேணுகா. போட்டோ எடுக்கும்போது "சொந்தக்காரங்க மட்டும் நில்லுங்க" என்றதும் ஒதுங்கி நின்றதும் அதே ரேணுகாதான்.

அதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அற்புதத்துக்குப் பித்தப்பையில் கல் வந்து ஆபரேஷன் என்றார்கள். கையெழுத்துப் போட நீங்கள் யார் என்று நர்ஸ் கேட்டாள். வலியில் சுருண்டு கிடந்த அற்புதம், அந்த வலியிலும் தலையைத் தூக்கி, "தங்கச்சி மாதிரிங்க" என்றாள். மாதிரி எல்லாம் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஏசுராஜ் பஸ் பிடித்து வரும் வரைக்கும் மூன்று மணி நேரம் ரேணுகா வராந்தாவில் ஃபிளாஸ்கைக் கட்டிக்கொண்டு நின்றாள். அன்றைக்கு அவள் மனசு விட்டுப்போனது. அதுவரை நாலு பேருக்கு முன்னால் அற்புதத்தை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் அன்றோடு அந்த அக்காவை விட்டுவிட்டாள். ஊரில் ஒருத்தரும் அதைக் கவனிக்கவில்லை.

பாங்காக் யோசனை கெஸ்ட் ஹவுஸில் கிடைத்தது. அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரம்மாள், அந்த ஊரில் பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ளலாம், அங்கே இதை யாரும் ஒரு பொருட்டாக எடுப்பதில்லை என்று தோசைக்குக் காத்திருந்த நேரத்தில் சொன்னாள். விசாவும் வேண்டாமாம். ரேணுகா அன்றைக்கே சீட்டில் சேர்ந்தாள். ஒன்றரை வருஷம் கட்டினாள். ஐப்பசியில் மழை பிடித்து உப்பளம் தண்ணீரில் மூழ்கி, கிடங்கில் வேலை இல்லாமல் அற்புதம் ஈ ஓட்டிக்கொண்டிருந்த வாரமாகப் பார்த்து இரண்டு டிக்கெட் போட்டாள். போட்டுவிட்டு, தன் முடிவையும் சொன்னாள்.

"அங்க போயி ஒரே ஒரு ஆள்கிட்ட, நான் உனக்கு யாருன்னு உன் வாயால சொல்லு. ஒருத்தர் போதும். சொல்லலன்னா திங்கக்கிழமை திரும்பி வந்ததும் என் பெட்டிய எடுத்துக்கினு இரும்பைக்குப் போயிடுவேன். விளையாட்டுக்குச் சொல்லல."

அற்புதம் சரி என்றாள். அத்தனை சுலபமாகச் சரி என்றதிலேயே ரேணுகாவுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

பாங்காக் போகிறோம் என்று ஊரில் சொல்ல முடியுமா? தெருக்காரர்கள் கூடி ஜெபம் சொல்கிற அன்பியக் கூட்டத்தில் அற்புதம் வேளாங்கண்ணிக்குப் போகிறோம் என்று சொல்லிவைத்தாள். பொய் சொல்வதற்கு உலகத்தில் வேறு ஊரே கிடைக்கவில்லை அவளுக்கு. மறுநாள் காலையிலிருந்து மாடிப்படியில் ஆள் வரத்து நிற்கவில்லை. மூட்டு வலிக்கு ஒரு மெழுகுவர்த்தி, மகன் வேலைக்கு ஒரு மெழுகுவர்த்தி, காணாமல் போன ஆட்டுக்கு ஒரு மெழுகுவர்த்தி. மாதாவிடம் ஏற்றச் சொல்லி மொத்தம் பன்னிரண்டு சேர்ந்தது. கீழ் வீட்டிலிருந்து பஷீர் பாயின் மனைவி ரம்ஜான் பீவியும் மூச்சு வாங்க ஏறி வந்து ஓர் ஊதுவத்திக் கட்டைக் கொடுத்தாள். வேளாங்கண்ணி வரைக்கும் போகிறவர்கள் நாகூருக்கு ஒரு எட்டுப் போய் தர்காவில் ஏற்றிவிட்டு வரக் கூடாதா என்று கேட்டாள். அற்புதம் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரேணுகா தலையில் அடித்துக்கொண்டாள்.

முதல் அடி சென்னை விமான நிலையத்திலேயே விழுந்தது. பாஸ்போர்ட் பார்க்கிற அதிகாரி இரண்டு பேரும் யார் என்று கேட்டார். அற்புதம் புருவத்தைத் தூக்கினாள். ரேணுகா முறைத்ததும், இது இன்னும் சென்னைதானே, கணக்கில் வராது என்று காதோடு சொன்னாள்.

சரி, வராது. பாங்காக் ஹோட்டல் கணக்கில் வருமா வராதா? அந்த ஹோட்டலை ரேணுகா மூன்று வாரம் போனில் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். வாசலிலேயே வானவில் கொடி. எங்களை மாதிரி ஜோடிகளை மரியாதையாக நடத்துவார்கள் என்று நூறு பேர் எழுதியிருந்தார்கள். ஒரே கட்டில் உள்ள அறையாகக் கேட்டுப் போட்டிருந்தாள். வரவேற்பில் இருந்த பெண், மனசார, பூவை நீட்டுகிற மாதிரி சாவியை நீட்டினாள். அதற்குள் அற்புதத்துக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அந்தப் பெண் கேட்கக்கூட இல்லை. இவளாக ரேணுகாவின் தோளைத் தட்டி, "சிஸ்டர், சிஸ்டர்" என்று சிரித்தாள். அந்தப் பெண் பதறிப்போய், தப்பு நடந்துவிட்டது என்று கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு, ஓடிப் போய் மேனேஜரிடம் பேசி, இரண்டு கட்டில் போட்ட அறையாக மாற்றிக் கொடுத்துவிட்டாள். அறை பெரிசு. இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஒரு மேஜை. அதை நகர்த்தவும் முடியாது, சுவரோடு வைத்து அடித்திருந்தது.

ரேணுகா ஜன்னலைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். இரண்டாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்து தனிக் கட்டிலில் படுக்கிற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?

மறுநாள் ஊர் சுற்றலாம் என்று கிளம்பினால், அற்புதத்தின் தோள்பையிலிருந்து பன்னிரண்டு மெழுகுவர்த்தியும் எட்டிப் பார்த்தன. நேர்ச்சையை ஏமாற்றக் கூடாதாம். வேளாங்கண்ணியாக இருந்தால் என்ன, வேறு ஊராக இருந்தால் என்ன, மாதா ஒன்றுதானே. ஊரையே ஏமாற்றிவிட்டு வந்தவளுக்கு மாதாவிடம் மட்டும் இந்த நேர்மை. வழி கேட்டுக் கேட்டு, தப்பான ரயிலில் ஏறி, படகில் போய், வெயிலில் நடந்து, மதியம் மூன்று மணிக்கு ஒரு மாதா கோயிலைக் கண்டுபிடித்தார்கள். அற்புதம் முட்டி போட்டு ஒவ்வொரு மெழுகுவர்த்தியையும் யாருக்கு என்று பெயர் சொல்லி ஏற்றினாள். ஆட்டுக்குக்கூடச் சொன்னாள். நமக்கு ஒன்று இல்லையா என்று ரேணுகா கேட்டதற்கு, நாமதான் நேர்லயே வந்திருக்கோமே என்றாள். இவளோடு எதைப் பேச?

இரண்டாம் நாள் மாலை ரேணுகா அவளை ஒரு தெருவுக்கு அழைத்துப் போனாள். தெரு முழுக்க வானவில் கொடிகள். பையன்கள் பையன்களின் இடுப்பில் கை போட்டுக்கொண்டு போனார்கள். தலை நரைத்த இரண்டு பெண்கள் ஒரே ஐஸ்கிரீமை மாற்றி மாற்றிச் சாப்பிட்டார்கள். கை கோத்து நடப்பதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டியதில்லை, அதை மரக்காணம் பஜாரிலேயே செய்யலாம். ரேணுகா வந்தது அதற்கல்ல. அந்தத் தெருவில் கையைப் பார்க்கிறவர்கள் அதற்கு என்ன அர்த்தம் என்று தெரிந்து பார்த்தார்கள். தெரிந்துகொண்டு சும்மா போனார்கள். அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

ஒரு சின்னக் காப்பிக் கடைக்குள் நுழைந்தார்கள். நடத்துகிறவர்கள் இரண்டு பெண்கள். சுவரில் அவர்களுடைய கல்யாணப் போட்டோ, இரண்டு பேரும் வெள்ளை உடுப்பில், சுற்றிலும் அப்பா அம்மா அத்தை மாமா என்று சொந்தம் முழுக்க. அற்புதம் அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். காப்பி கொண்டு வந்த பெண் போட்டோவைக் காட்டி, பிறகு இவர்கள் இரண்டு பேரையும் விரலால் சேர்த்துக் காட்டி, நீங்களுமா என்பதுபோலச் சிரித்தாள். உலகத்தில் இதைவிடத் தோதான இடம் இருக்க முடியாது. சும்மா தலையை ஆட்டினால் போதும். வாயைக்கூடத் திறக்க வேண்டாம்.

அற்புதம் வாயைத் திறந்தாள். "சிஸ்டர்," என்றாள்.

ரேணுகா காப்பியைக் குடிக்காமல் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டாள். பின்னாலேயே அற்புதம் ஓடி வந்தாள். வேணும்னு சொல்லல, வாய் தானா அங்கதான் போவுது, பழகிப்போச்சு, என்னா பண்ண என்று அழாத குறையாகச் சொன்னாள்.

"நூறு லாரிக்காரனை நிறுத்தி வச்சி கேள்வி கேக்குற. எங்கிட்ட மட்டும் உனக்கு வாய் செத்துப்போவுது. போதும் அற்புதம். திங்கக்கிழமை நான் இரும்பைக்குப் போறேன்."

சத்தம் போடாமல்தான் சொன்னாள். சத்தம் போட்டிருந்தால் அற்புதத்துக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்கும். அன்றைக்கு ராத்திரி அந்த இரண்டு கட்டிலும் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மூன்றாம் நாள் விடிந்ததிலிருந்து அற்புதம் ஒன்றும் சாப்பிடவில்லை. துக்கம் வந்தால் அவளுக்கு ரசஞ்சாதம் வேண்டும். அப்பா செத்த அன்றைக்கே கல்லறையிலிருந்து வந்தவர்களுக்கு முன்னால் உட்கார்ந்து ரசஞ்சாதம் கேட்டவள். இந்த ஊர்ல எங்கியாச்சும் ரசம் கிடைக்குமா என்று அவள் கேட்ட கேள்வியில் ரேணுகாவுக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. போனில் தேடி ஓர் இந்தியன் ஹோட்டலுக்குக் கூட்டிப் போனாள். வாசலில் இரண்டு பெரிய டூரிஸ்ட் பஸ் நின்றது. அப்போதே திரும்பியிருக்கலாம்.

உள்ளே அறுபது எழுபது பேர், எல்லார் தலையிலும் ஒரே நிறத்தில் தொப்பி. ஒரு பெயிண்ட் கம்பெனி, நிறைய விற்றுக் காட்டிய கடைக்காரர்களைக் குடும்பத்தோடு டூர் அழைத்து வந்திருந்தது. தட்டோடு வரிசையில் நின்றிருந்த பஷீர் அஹமது பாயை ரேணுகா பார்ப்பதற்கு முன்னால் ரம்ஜான் பீவி இவர்களைப் பார்த்துவிட்டாள்.

"அல்லாவே, நம்ம அற்புதம்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். மூன்று நாளாக வீட்டுக்காரரையும் கைடையும் தவிர வேறு தெரிந்த முகம் பார்க்காத ஏக்கம் அவளுக்கு. கண்ணு பட்டுவிடும் என்று டூரைப் பற்றி அவளும் ஊரில் ஒருத்தரிடமும் சொல்லாமல்தான் வந்திருந்தாள். வேளாங்கண்ணின்னு சொல்லிட்டு பாங்காக்கா வந்தீங்க என்று முதுகில் ஒன்று வைத்தாள். நாகூர் ஊதுவத்தி என்ன ஆயிற்று என்று கேட்டாள். அற்புதம் திருதிருவென்று முழித்தாள். ஆனால் ரம்ஜான் பீவிக்குக் கோபம் நிலைக்கவில்லை. இரண்டு பொம்பளைங்க தனியாக ஃபாரின் போகிறோம் என்றால் ஊர் வாயில் போட்டு மென்றுவிடும், அதான் சொல்லியிருக்க மாட்டார்கள் என்று அவளாகவே ஒரு நியாயம் கண்டுபிடித்து, நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன் என்று வாக்கும் கொடுத்து, கடைக்காரர்களின் மனைவிகள் உட்கார்ந்திருந்த பெரிய மேஜைக்கு இழுத்துப் போனாள்.

அங்கே அவளே அறிமுகமும் செய்துவைத்தாள். எங்க வீட்டு மாடியில இருக்குற அக்கா தங்கச்சி, தங்கமான பிள்ளைங்க. அற்புதம் ஒன்றும் சொல்ல வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. தலையைக் குனிந்து ரசத்தைப் பிசைந்தாள். ரேணுகா எதிரில் உட்கார்ந்து, இரும்பையில் தன் பெட்டியை எந்த மூலையில் வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

செல்லம்மாள் என்று ஓர் அம்மாள். செய்யூர்ப் பக்கம் கடை. எந்தக் கூட்டத்திலும் இப்படி ஒருத்தர் இருப்பார்கள், கழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். இரண்டு பேர் கழுத்திலும் தாலி இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, இன்னும் ஆகலையா என்று கேட்டாள். ரெண்டு பேருக்குமேவா, அடப் பாவமே என்றாள். அக்காவுக்கு ஆகாம தங்கச்சிக்கு எப்படின்னு அப்படியே நின்னுபோச்சு என்று ரம்ஜான் பீவி விளக்கம் சொன்னாள். செல்லம்மாளுக்கு ஒரு கொழுந்தன் இருந்தான். பெண்டாட்டி செத்து இரண்டு வருஷம், குழந்தை குட்டி இல்லை, சொந்த வீடு. சின்னவள் லட்சணமாக இருக்கிறாள், வயது நாற்பதுக்குள்தானே இருக்கும் என்று ரேணுகாவை எடை போட்டாள். ரம்ஜான் பீவிக்கு முகம் மலர்ந்துபோனது. பாங்காக்கில் வைத்து ஒரு நிக்காஹ் பேசி முடிக்கிற சந்தோஷம் யாருக்குக் கிடைக்கும்? பக்கத்து மேஜையிலிருந்து பஷீர் பாயும் தலையைத் திருப்பி, நல்ல இடம்தான், எனக்கும் பழக்கம் என்றார்.

எல்லாரும் அற்புதத்தைப் பார்த்தார்கள். பார்க்கத்தானே செய்வார்கள். அப்பா இல்லை, அண்ணன் திண்டிவனத்தில், அந்த மேஜையில் தங்கச்சியைக் கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் மூத்தவளைத் தவிர யாருக்கு உரிமை?

"நீங்கதான மூத்தவங்க. உங்க தங்கச்சிய எங்களுக்குக் குடுங்க," என்றாள் செல்லம்மாள்.

ரேணுகாவுக்கு அந்த இடத்தில் சிரிப்பு வந்தது. பதினோரு வருஷம் தங்கச்சி தங்கச்சி என்று ஜெபித்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது. இனி இவள் தன் வாயாலேயே என்னைக் கொழுந்தனுக்குக் கொடுத்துவிட்டு, சீர்த்தட்டும் தூக்கிக்கொண்டு வருவாள் என்று நினைத்தாள். அப்படி நினைத்துக்கொண்டே அற்புதத்தின் முகத்தைப் பார்த்தாள். அந்த முகம் அவளுக்குத் தெரியும். கிடங்கு வாசலில் தார்ப்பாய் கட்டாத லாரி நகரத் தொடங்கும்போது வருகிற முகம்.

"குடுக்க முடியாது," என்றாள் அற்புதம்.

ஏம்மா, நல்ல இடமாச்சே என்று ரம்ஜான் பீவி ஆரம்பித்தாள்.

"அவ ஏற்கெனவே வாழ்க்கைப்பட்டவ."

"யாருக்கு?"

"எனக்கு." அற்புதம் ரசக் கையை உதறிவிட்டு எழுந்தாள். "எனக்கு வாழ்க்கைப்பட்டவ. பதினோரு வருஷமா என்னோட குடும்பம் நடத்துறா. உங்க வீட்டு மாடியிலதான் பாயம்மா. தங்கச்சியும் இல்ல, மாதிரியும் இல்ல. என் பொண்டாட்டிய எங்கிட்டயே பொண்ணு கேக்குறாங்க இந்தம்மா, பாவமாம். யாரு பாவம்?"

கேட்ட குரலில் பக்கத்து மேஜைத் தொப்பிகள் எல்லாம் திரும்பின. பஷீர் பாய் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார். அப்பளம் வைத்துக்கொண்டு வந்த பையன் அப்படியே நின்றான். செல்லம்மாள் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

ரம்ஜான் பீவிதான் கடைசியில் பேசினாள். குரல் ரொம்பச் சின்னதாக இருந்தது. "அப்ப இத்தினி வருஷமா எங்கிட்ட பொய்யா சொல்லிக்கினு இருந்தீங்க? நான் உங்களை வீட்டுப் பிள்ளைங்கன்னு நினைச்சு நோன்புக் கஞ்சி குடுத்தனுப்புனேனே."

கைடு கொடியைத் தூக்கி பஸ்சுக்கு நேரமாயிற்று என்றான். ஊரில் வந்து பேசிக்கலாம் என்று மட்டும் சொல்லிவிட்டு ரம்ஜான் பீவி திரும்பிப் பார்க்காமல் போனாள்.

தெருவில் வந்து நின்றதும்தான் ரசக் கையை இன்னும் கழுவவில்லை என்பது அற்புதத்துக்குத் தெரிந்தது. ரேணுகா அழுதுகொண்டிருந்தாள். சந்தோஷத்தில்தான். ஆனால் அதில் பாதிக்குப் பாதி ஆத்திரம். முன்பின் தெரியாத லட்சம் பேர் இருக்கிற ஊரில், சுவரில் கல்யாணப் போட்டோ மாட்டிய கடையில் வாயைத் திறக்காதவள், குடியிருக்கிற வீட்டுச் சொந்தக்காரியிடம் போய், அதுவும் ரசத்துக்கு நடுவில், கூவி இருக்கிறாள். இதை மரக்காணத்திலேயே சொல்லித் தொலைத்திருந்தால் டிக்கெட் காசாவது மிஞ்சியிருக்கும். அதையே அவள் வாய்விட்டும் சொன்னாள். அற்புதம், ஒருத்தர் போதும்னுதான சொன்ன, எட்டு பேர் கேட்டாங்க என்றாள். இரண்டு பேரும் அந்த நடைபாதையில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார்கள். பெட்டியைப் பற்றி அதற்கப்புறம் ரேணுகா பேசவில்லை.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் பஷீர் பாய் மாடிக்கு ஏறி வந்தார். மகன் அதீப் துபாயிலிருந்து வருகிறானாம், மாடி வேண்டியிருக்கிறதாம். அதீப் இன்னும் இரண்டு வருஷம் வர மாட்டான் என்று போன மாதம்தான் அவரே சொல்லியிருந்தார். நிஜமான காரணத்தை முகத்துக்கு நேராகச் சொன்னால் அற்புதம் நன்றாக நாலு கேள்வி கேட்டிருப்பாள். இவர்கள் அதற்கும் வழி வைக்கவில்லை. ரம்ஜான் பீவி மேலே வரவில்லை. மகள் ஹுமாவிடம் ஒரு டப்பாவில் பிரியாணி மட்டும் கொடுத்தனுப்பினாள். அற்புதம் ஊதுவத்திக் கட்டைக் காலி டப்பாவோடு திருப்பிக் கொடுத்தாள். ஒரு தனி நாளாக நாகூருக்குப் போய் ஏற்றியிருக்கலாம் என்று பிறகு வருத்தப்பட்டாள்.

அதற்குப் பிறகு வீடு தேடுகிற படலம். அங்கேதான் ரேணுகாவுக்கு உண்மையாகவே பைத்தியம் பிடித்தது. அற்புதத்தின் வாய் திறந்ததுதான் திறந்தது, மூடவே இல்லை. முதல் வீட்டில் யாரு நீங்க ரெண்டு பேரும் என்று கேட்டார்கள். புருஷன் பொண்டாட்டின்னு வச்சிக்குங்க என்றாள். கேட் சாத்தப்பட்டது. இரண்டாவது வீடு பங்குப் பேரவையில் இருக்கிற லாரன்ஸினுடையது. அவர், சாமியாரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றவர் அப்புறம் போனையே எடுக்கவில்லை. மூன்றாவது வீட்டில் பூஜை அறை இருக்கிறது, ஒத்து வராது என்றார்கள். நாலாவது வீட்டுக்காரர் அரை மணி நேரம் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எல்லாம் வீட்டுக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. ரேணுகாதான் இவளை இழுத்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் வாயை மூடிக்கினு இரேன் என்று கெஞ்சினாள். நீதான சொல்லச் சொன்ன என்றாள் அற்புதம்.

மாடியைக் காலி செய்ய ஒன்பது நாள் இருந்தபோது பொம்மையார்பாளையத்தில் ஒரு வீடு கிடைத்தது. இரண்டு அறை, கிணற்றுத் தண்ணீர், ரேணுகாவின் வேலைக்கு சைக்கிள் தூரம். வீட்டுக்கார அம்மாள் தனியாக இருக்கிறவள். வீட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, எல்லாரும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். அற்புதம் மூச்சை இழுத்தாள். அந்த மூச்சைப் பார்த்ததும் ரேணுகாவுக்கு ஐந்தாவது தடவையாக ஒரு கேட் சாத்துகிற சத்தம் கேட்டது.

"எங்க அக்காங்க," என்றாள் ரேணுகா.

எவ்வளவு லேசாக வந்துவிட்டது. வாய்க்கு ஒரு வலியும் இல்லை. அந்த அம்மாள் சிரித்து, அக்கா தங்கச்சின்னா எனக்கும் துணையாச்சு என்று சாவியைக் கையில் கொடுத்தாள். இதுதானா என்று இருந்தது ரேணுகாவுக்கு. ஒரு வார்த்தை, உடனே ஒரு கதவு. இந்த ருசியைத்தான் பதினோரு வருஷமாக அற்புதத்தின் வாய் பழகி வைத்திருந்தது என்று புரிந்தது.

அற்புதம் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. முதலாளியையும் சாமியாரையும் விட்டு வைக்காதவள், ஒரு வார்த்தையும் பேசாமல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து ரோட்டில் நிறுத்தி ஸ்டார்ட் செய்தாள். பின்னால் ஏறிய ரேணுகாவுக்குக் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அன்றைக்கு நின்றபோது தன் முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று ரேணுகாவுக்குத் தோன்றியது.

ரேணுகா வண்டியிலிருந்து இறங்கினாள். எங்க போற என்று அற்புதம் கேட்டதற்கு நில்லாமல், திரும்ப உள்ளே போய்க் கதவைத் தட்டினாள். அந்த அம்மாள் என்ன மறந்துவிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே திறந்தாள். ரேணுகா சாவியை நீட்டினாள்.

"அக்கான்னு சொன்னது பொய்ங்க. நானும் அவங்களும் குடும்பம் நடத்துறவங்க. பதினோரு வருஷமா. வீடு உண்டா இல்லையான்னு இப்பவே சொல்லிடுங்க. அடுத்த மழை வர்றதுக்குள்ள நாங்க வேற வீடு பாக்கணும்."